ஒரு கேமுக்கு ஏன் நூறு வெள்ளி?

சென்ற மாதம் காலை நிகழ்ச்சியில், "உங்கள் வீட்டில் அடிக்கடி நடக்கும் சின்னச் சண்டை எது?" என்று நேயர்களிடம் கேட்டேன். ரிமோட், குளியலறை, ஏர்கான் என்று நான் எதிர்பார்த்தவை எல்லாம் வந்தன. ஈசூனிலிருந்து ஓர் அம்மா அனுப்பிய குரல் செய்தி மட்டும் வேறு மாதிரி இருந்தது. "தம்பி, என் மவன் புது கேம் ஒண்ணு கேக்குறான். தொண்ணூத்தஞ்சு வெள்ளியாம்! அந்தக் காசுக்கு நான் தேக்காவுல ஒரு வாரத்துக்கு மீனு, காய்கறி எல்லாம் வாங்கிடுவேன். அப்படி அதுக்குள்ள என்னதான் வச்சிருக்கான்?"

அடுத்த பாட்டுக்கு நேரமாகிவிட்டது. முப்பது விநாடியில் பதில் சொல்லக்கூடிய கேள்வியும் இல்லை அது. எனவே இங்கே எழுதுகிறேன்.

முதலில் கணக்கு. பெரிய நிறுவனங்களின் புதிய கேம்கள் அமெரிக்காவில் இன்று பெரும்பாலும் 70 டாலர். ஓர் அமெரிக்க டாலருக்கு 1.30 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 91 வெள்ளி. அமெரிக்காவில் சொல்லும் விலையில் விற்பனை வரி சேர்ந்திருக்காது; நமக்கோ 9 விழுக்காடு பொருள், சேவை வரி உண்டு. கூட்டினால் 99 வெள்ளி. வெளிநாட்டு நிறுவனத்திடமிருந்து இணையம்வழி பதிவிறக்கினால் வரி இல்லை என்ற நிலையும் 2020 ஜனவரியோடு முடிந்துவிட்டது. நிறுவனத்துக்கு நிறுவனம் சில வெள்ளி கூடலாம், குறையலாம். ஆக, அந்த அம்மாவின் மகன் பொய் சொல்லவில்லை.

அந்த 70 டாலர் எங்கிருந்து வந்தது? 2005இல் எக்ஸ்பாக்ஸ் 360 வந்தபோது புது கேம் 60 டாலர் என்று ஒரு வழக்கம் உருவானது. அது ஏறத்தாழ 15 ஆண்டுகள் அசையவே இல்லை. 2020இல் பிளேஸ்டேஷன் 5 வந்த சமயத்தில் 70 ஆனது. 2025இல் நிண்டெண்டோ தனது 'மரியோ கார்ட் வேர்ல்ட்' கேமுக்கு 80 டாலர் என்றது. விளையாட்டாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் 'தி அவுட்டர் வேர்ல்ட்ஸ் 2'க்கு 80 என்று அறிவித்துவிட்டு, பிறகு 70க்கே இறங்கி வந்தது.

பணவீக்கத்தைச் சேர்த்துப் பார்த்தால் 2005இன் 60 டாலர் இன்றைக்கு 90 டாலரைத் தாண்டும். அந்தக் கணக்கில் கேம் விலை குறைந்துதான் இருக்கிறது. 2005இல் பரோட்டா என்ன விலை, இன்று என்ன விலை என்று யோசித்துப் பாருங்கள். ஆனால் இந்த வாதத்தைச் சம்பளம் வாங்கும் பெற்றோரிடம் சொல்லிப் பாருங்கள், எடுபடாது. வீட்டு வாடகையும் காப்புறுதியும் ஏறிய பிறகு மிச்சமிருக்கும் காசிலிருந்துதானே கேம் வாங்க வேண்டும்?

ஊடகக் கல்வி படித்தபோது எங்களுக்குச் சொல்லித்தந்த ஒரு பாடம் இங்கே உதவும். நாளிதழோ திரைப்படமோ, முதல் பிரதிக்குத்தான் செலவு முழுவதும். இரண்டாவது பிரதிக்கு ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. கேம் இதில் உச்சம். மைக்ரோசாஃப்ட், ஆக்டிவிஷன் நிறுவனத்தை வாங்கியபோது அமெரிக்காவில் வழக்கு நடந்தது. 2023இல் அந்த வழக்கில் சோனி தாக்கல் செய்த ஓர் ஆவணத்தில் கறுப்பு மையால் மறைத்த எண்கள் சரியாக மறையவில்லை. அப்படித்தான் உலகத்துக்குத் தெரிந்தது: 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2' எடுக்க 220 மில்லியன் டாலர், உச்சக்கட்டத்தில் ஏறத்தாழ 200 ஊழியர்கள். 'ஹொரைசன் ஃபர்பிட்டன் வெஸ்ட்' 212 மில்லியன், 300 ஊழியர்கள், ஐந்து ஆண்டுகள். இதில் பெரும்பகுதி இயந்திரத்துக்கோ மூலப்பொருளுக்கோ போவதில்லை. ஒரு குதிரை நடப்பதை வரைபவர், மழைச் சத்தம் பதிவு செய்பவர், பிழை தேடி ஒரே கதவை ஆயிரம் தடவை திறந்து மூடுபவர் எனச் சம்பளத்துக்கே போகிறது.

இணையக் கடைகள் வழக்கமாக 30 விழுக்காடு எடுத்துக்கொள்ளும். 70 டாலரில் 21 அங்கே போனால், தயாரித்தவர் கைக்கு 49. 220 மில்லியனைத் திரும்ப எடுக்க ஏறத்தாழ 4.5 மில்லியன் பிரதிகள் விற்க வேண்டும். சிங்கப்பூரின் குடிமக்கள், நிரந்தரவாசிகள், கைக்குழந்தைகள் உட்பட, ஆளுக்கு ஒன்று வாங்கினாலும் அந்த எண்ணிக்கை வராது. விளம்பரச் செலவை இன்னும் நாம் கூட்டவே இல்லை.

இதற்கெல்லாம் ஹாலிவுட் பக்கம் போக வேண்டியதில்லை. நம் ஊரிலேயே ஒரு கதை இருக்கிறது.

பிரெஞ்சு நிறுவனமான யூபிசாஃப்ட் 2008இல் சிங்கப்பூரில் ஒரு கூடத்தைத் திறந்தது. 'அசாசின்ஸ் கிரீட்' வரிசையில் கப்பல் சண்டை வரும் இடங்களைப் பார்த்திருப்பீர்கள். அலைகள், பாய்மரம், பீரங்கி. அதில் பெரும்பங்கு சிங்கப்பூர்க் கூடத்தின் கைவண்ணம். 2013இல் வந்த 'பிளாக் ஃபிளேக்' பெரும் வெற்றி பெற்றது. 'கப்பல் சண்டையை மட்டும் வைத்துத் தனியாக ஒரு கேம் செய்தால் என்ன?' என்ற யோசனையில் பிறந்தது 'ஸ்கல் அண்ட் போன்ஸ்'. களம் இந்தியப் பெருங்கடல், நாயகர்கள் கடற்கொள்ளையர்கள். 2017இல் அறிவித்தார்கள். அடுத்த ஆண்டே வரும் என்றார்கள். வரவில்லை. தள்ளிப் போட்டார்கள், மறுபடியும் தள்ளிப் போட்டார்கள். அதன் வடிவத்தையே மாற்றினார்கள், பொறுப்பாளர்கள் மாறினார்கள். 2021இல் 'கொட்டாக்கு' தளம் வெளியிட்ட செய்தி, அதுவரை 120 மில்லியன் டாலருக்கு மேல் கரைந்துவிட்டதாகவும், சிங்கப்பூர் அரசாங்கத்தின் ஆதரவுக்கான உடன்பாடும் திட்டத்தைக் கைவிட முடியாததற்கு ஒரு காரணம் என்றும் சொன்னது.

ஒருவழியாக 2024 பிப்ரவரி 16இல் வந்தது. விலை 70 டாலர். கடை, ஆடை, பருவம் என்று பிறகும் காசு கேட்கும் அமைப்புள்ள கேமுக்கு முழு விலையா என்ற கேள்விக்கு, யூபிசாஃப்ட் தலைவர் ஈவ் கிய்மோ இது 'குவாட்ரபிள் ஏ' தரம் என்று பதில் சொன்னார். பெரிய பட்ஜெட் கேம்களைத் துறையில் 'டிரிபிள் ஏ' என்பார்கள். இவர் ஒரு ஏ சேர்த்துவிட்டார். இணையம் சிரித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் கேம் பாதி விலைக்குக் கிடைத்தது.

நானும் சிரித்தேன்தான். ஆனால் அந்தக் கூடத்தில் நம் பிள்ளைகளும் வேலை பார்த்திருக்கிறார்கள். பலதுறைத் தொழிற்கல்லூரியில் கேம் வடிவமைப்பு படித்த தமிழ் இளையர் ஒருவரை ஒரு நிகழ்ச்சிக்காகப் பேட்டி கண்டிருக்கிறேன். "அண்ணே, ஆறு மாசம் செஞ்ச வேலைய ஒரு மீட்டிங்ல தூக்கிட்டாங்க. எல்லாரும் அமைதியா லெப்டாப்ப மூடிட்டு சாப்பிடப் போனோம்" என்றார். எந்த நிறுவனம் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. தூக்கி எறிந்த அந்த ஆறு மாதத்துக்கும் சம்பளம் கொடுத்தாக வேண்டும். நாம் வாங்காத, வெளிவராமலே போன கேம்களின் செலவும் நாம் வாங்கும் கேமின் விலைக்குள் இருக்கிறது. எனக்குத் தெரிந்து விலையில் மிக நேர்மையான பகுதியும் அதுதான், யாரும் விளம்பரத்தில் சொல்லாத பகுதியும் அதுதான்.

நேர்மை குறையும் இடம் வேறு.

லிட்டில் இந்தியாவிலிருந்து சில நிமிட நடையில் சிம் லிம் சதுக்கம். பதின்ம வயதில் என் சனிக்கிழமைகள் அங்கேதான் கழிந்தன. அண்மையில் அங்கே கன்சோல் விற்கும் ஒரு கடையில் நின்று பேசினேன். "புது கேம்ல எனக்கு என்ன நிக்குது? அஞ்சு, ஆறு வெள்ளி. பழைய டிஸ்க் வாங்கி வித்தாத்தான் கடை வாடகை" என்றார் கடைக்கார அங்கிள். 2010 வாக்கில் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ் நாளிதழ் வெளியிட்ட ஒரு மதிப்பீட்டில், 60 டாலர் கேமில் கடைக்கு 15, வெளியீட்டாளருக்கு 27, கன்சோல் நிறுவனத்துக்கு உரிமத்தொகை 7, விற்காமல் திரும்பி வருவதற்கு 7, தயாரிப்புக்கும் போக்குவரத்துக்கும் 4 என்று இருந்தது.

பதிவிறக்கத்தில் இந்த லாரி இல்லை, பெட்டி இல்லை, திரும்பி வரும் சரக்கு இல்லை. விலை குறைய வேண்டுமே? பெரும்பாலும் குறையவில்லை. நிண்டெண்டோ ஜப்பானில் மரியோ கார்ட் வேர்ல்டை பெட்டியில் 9,980 யென், பதிவிறக்கத்தில் 8,980 யென் என்று விற்றது. ஆக, முடியும். மற்றவர்கள் செய்வதில்லை, அவ்வளவுதான்.

அதைவிட எனக்கு உறுத்துவது இன்னொன்று. டிஸ்க் உங்கள் சொத்து. விளையாடி முடித்து, சிம் லிம்மிலோ கரோசெலிலோ விற்கலாம், அத்தை மகனுக்குக் கொடுக்கலாம். பதிவிறக்கியதை விற்க முடியாது. நீங்கள் வாங்குவது அனுமதி மட்டுமே. 'தி குரூ' என்ற கார் பந்தய கேமின் சேவையகங்களை யூபிசாஃப்ட் 2024 மார்ச் 31இல் நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கியவர்கள் தனியாகக்கூட அதை ஓட்டிப் பார்க்க முடியவில்லை.

அப்படியானால் நூறு வெள்ளி எதற்கு? என் கணிப்பில் கேமுக்குப் பாதி, முதல் நாளுக்குப் பாதி. முதல் நாள் முதல் காட்சிக்கு நாம் கொடுக்காததா? திரையரங்கில் விசில் அடிக்கும் அந்தக் கூட்டத்தில் இருக்கத்தான் கொடுக்கிறோம். பள்ளியில் எல்லாரும் அதையே பேசும்போது தன் பிள்ளை மட்டும் வாயடைத்து நிற்கக்கூடாது என்று நினைக்கும் தாயிடமும் அதைத்தான் விற்கிறார்கள். அந்த ஆசையைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஆனால் ஆறு மாதம் பொறுத்தால் பெரும்பாலான கேம்கள் நாற்பது, ஐம்பது வெள்ளிக்கு வந்துவிடும். நிண்டெண்டோ மட்டும் பிடிவாதம். அதன் சொந்த கேம்கள் ஆண்டுக் கணக்கில் இறங்காது. அதனாலேயே அவற்றைப் பழையதாக விற்றாலும் நல்ல விலை கிடைக்கும்.

விலை கூடினால்தான் நல்ல கேம் என்பதும் இல்லை. 2024இல் பெயரைக்கூட வெளியிடாத ஒருவர் உருவாக்கிய சீட்டாட்ட கேம் 'பலாட்ரோ'. விலை 15 டாலர், ஓராண்டுக்குள் 5 மில்லியன் பிரதிகள். 2025 செப்டம்பரில் வந்த 'சில்க்சாங்' 20 டாலர்தான். அது வெளியான நேரத்தில் நெரிசல் தாங்காமல் இணையக் கடைகளே தடுமாறின.

"இலவச கேம் இருக்கே, அதை ஆடட்டும்" என்று சொல்லும் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. 'ஃப்ரீ ஃபயர்' வெளியிடும் கரீனாவின் தலைமையகம் இதே சிங்கப்பூரில்தான் இருக்கிறது. கேம் இலவசம், ஆடையும் ஆயுதமும் காசு. 2023இல் இங்குள்ள ஒரு தந்தைக்கு, மகள் ஓர் இலவச கேமில் செலவழித்த 20,000 வெள்ளிக்குக் கடன் அட்டைக் கணக்கு வந்தது செய்தியானது. நூறு வெள்ளி கேட்கும் கேம் குறைந்தபட்சம் வாசலிலேயே கேட்டுவிடுகிறது.

ஈசூன் அம்மாவுக்கு நான் பிறகு அனுப்பிய பதில் சின்னது. மகனிடம் டிஸ்க்காக வாங்கச் சொல்லுங்கள், முடித்ததும் விற்றுக் காசைத் திருப்பித் தரச் சொல்லுங்கள் என்றேன். கணினியில் ஆடுபவன் என்றால் ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும் என்பதையும் எழுதினேன். சிறிது நேரத்தில் அவரிடமிருந்து மறுமொழி: "தம்பி, அவன் மிஷின்ல டிஸ்க் போடுற எடமே இல்லையே?"

பிளேஸ்டேஷன் 5 இங்கே வந்தபோது டிஸ்க் உள்ளது 729 வெள்ளி, டிஸ்க் இல்லாதது 599. வித்தியாசம் 130 வெள்ளி. பிள்ளைக்குக் கன்சோல் வாங்க நினைத்திருப்பவர்கள், கடைக்குப் போகும் முன் அந்த வித்தியாசத்தை ஒரு காகிதத்தில் எழுதி, பக்கத்தில் ஆண்டுக்கு எத்தனை கேம் வாங்குவீர்கள் என்றும் எழுதிப் பாருங்கள்.