தோளைத் தூங்க விடலாகாது

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையம் கேரள மக்களுக்கு மட்டும் உரியதன்று. நாகர்கோவில், திருநெல்வேலிப் பகுதிகளிலிருந்தும் நோயாளிகள் அங்கு வருகின்றனர். கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை திருவிதாங்கூரின் பகுதியாக இருந்தது. பெரிய மருத்துவம் என்றால் திருவனந்தபுரம் என்னும் பழக்கம் அங்குள்ள பல குடும்பங்களில் இன்னும் நீங்கவில்லை.

மார்பகப் புற்றுநோய் மேலை நாடுகளில் பெரும்பாலும் அறுபது வயதை ஒட்டி வருகிறது. நம் நாட்டுப் பெண்களுக்கோ ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடுகிறது. முப்பதுகளில் இருக்கும் பெண்ணுக்கு உயிர் பிழைத்தால் போதும் என்று சொல்லிவிட முடியாது. கைக்குழந்தையைத் தூக்க வேண்டும், ஸ்கூட்டர் ஓட்ட வேண்டும், பேருந்தில் மேல்கம்பியைப் பிடித்து நிற்க வேண்டும், தன் கூந்தலைத் தானே பின்னிக்கொள்ள வேண்டும். இவை அனைத்துக்கும் தோள் வேண்டும்.

மார்பில் செய்யும் அறுவைக்குக் கை ஏன் பாதிக்கப்படுகிறது? நோய் முதலில் பரவும் இடங்களுள் அக்குளிலுள்ள நிணநீர் முடிச்சுகள் முக்கியமானவை. எனவே அவற்றையும் அகற்ற நேரிடுகிறது. அமெரிக்க அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்த முறையில் மார்புத் தசைகளும் சேர்த்தே நீக்கப்பட்டன. இன்று ஓரிரு முடிச்சுகளை மட்டும் எடுத்துச் சோதிக்கும் முறை வந்துள்ளது. ஆயினும் நோய் சற்று முற்றிய நிலையில் வருவோருக்கு அக்குள் முழுவதையும் துப்புரவு செய்யவே வேண்டியிருக்கிறது. திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2006இல் தொடங்கிய ஓர் ஆய்வில், முப்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் சேர்க்கப்பட்டனர். பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் கையால் மார்பகப் பரிசோதனை செய்த பகுதிகளில் தொடக்கநிலை நோய் அதிகமாகக் கண்டறியப்பட்டது. நோய் முன்னதாகத் தெரிந்தால் அறுவையும் பலருக்குச் சிறிதாகிறது. கைக்கு நேரும் சேதமும் குறைகிறது.

அறுவை முடிந்து வீடு திரும்பியதும் உறவினர் சொல்லும் முதல் வார்த்தை, “கையை அசைக்காதே” என்பதே. அன்பினால் சொல்வதுதான், ஆனால் அந்த அன்பு தோளை இறுக்கிவிடுகிறது. தழும்பு ஆறும்போது திசு சுருங்குகிறது. வலிக்குப் பயந்து கையை உடலோடு ஒட்டி வைத்திருந்தால் சில வாரங்களிலேயே தோள்மூட்டு இறுகிப்போகும். இதன் விளைவு பலர் எதிர்பாராத இடத்தில் வந்து நிற்கிறது. கதிர்வீச்சுச் சிகிச்சையின்போது நோயாளி பொதுவாகக் கையைத் தலைக்கு மேல் உயர்த்தி, அசையாமல் படுத்திருக்க வேண்டும். கை உயரவில்லை என்றால் சிகிச்சையைத் திட்டமிடுவதே சிக்கலாகித் தாமதப்படக்கூடும். ஆகவே கைப்பயிற்சியும் புற்றுநோய்ச் சிகிச்சையின் ஒரு பகுதியே.

பயிற்சி எளிமையானது. அறுவைக்கு மறுநாளே விரல்களை மூடித் திறப்பது, முழங்கையை மடக்கி நீட்டுவது, தோள்களை மெல்லச் சுழற்றுவது எனத் தொடங்கலாம். நீர் வடியும் குழாய் இருக்கும் முதல் ஒரு வாரம், பத்து நாள் வரை கையைத் தோள் மட்டத்துக்கு மேல் உயர்த்தாதிருப்பது பொதுவான வழக்கம். முந்தினால் காயத்தில் நீர் கோத்துக்கொள்ளும். அதன்பின் சுவரை நோக்கி நின்று, விரல்களால் படிப்படியாக மேலே ஏறுவது. மல்லாந்து படுத்து, இரு கைகளாலும் ஒரு கம்பைப் பிடித்துத் தலைக்கு மேல் கொண்டுபோவது. சுவரில் நேற்று எட்டிய இடத்தைப் பென்சிலால் குறித்து வைத்தால், இன்றைய முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். இழுவை உணர்வு இருக்கலாம், கூர்மையான வலி கூடாது. மார்பகச் சீரமைப்பு அறுவையும் செய்துகொண்டவர்கள் அறுவை மருத்துவரைக் கேட்காமல் எதையும் தொடங்கலாகாது.

சிலருக்கு அக்குளிலிருந்து முழங்கை வரை, தோலுக்கடியில் வீணைத் தந்தி போல ஒரு நாண் இழுத்துப் பிடிக்கும். நோய் திரும்பிவிட்டதோ எனக் கலங்கி உறக்கத்தைத் தொலைப்பவர்கள் உண்டு. இது நோயன்று, மென்மையான நீட்டல் பயிற்சிகளால் பெரும்பாலும் சில மாதங்களில் தளர்ந்துவிடும்.

பிரிட்டனில் 17 மையங்களில் 392 பெண்களிடம் நடந்த ஆய்வின் முடிவு 2021இல் வெளியானது. அறுவைக்குப் பின் ஏழு முதல் பத்து நாட்களில் இயன்முறை மருத்துவர் வழிகாட்டலுடன் பயிற்சி தொடங்கியவர்களின் கை, ஓராண்டு கழித்து மற்றவர்களின் கையை விட நன்றாக இயங்கியது. ஒருவருக்கான மருத்துவச் செலவும் குறைவாகவே இருந்தது. கணக்குப் பார்த்துச் செலவிடும் நம் வாசகர்கள் இதையும் கருதலாம்.

மற்றோர் அச்சம் கை வீக்கம். நிணநீர் வடியும் வழி தடைப்படுவதால், சிகிச்சை பெற்றோருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவருக்கு இது வருகிறது. முழு அக்குள் அறுவை செய்துகொண்டோருக்கு வாய்ப்பு அதிகம். “வாழ்நாள் முழுதும் கனம் தூக்காதே” என்று முன்பு சொல்லி அனுப்பினார்கள். கைக்குழந்தையோடு இருக்கும் தாய் அதை எப்படிக் கடைப்பிடிப்பாள்? 1996இல் கனடாவின் வான்கூவர் நகரில் டாக்டர் டான் மெக்கன்சி, இந்நோயிலிருந்து மீண்ட 24 பெண்களை டிராகன் படகில் துடுப்பு வலிக்க வைத்தார். எவருக்கும் புதிதாக வீக்கம் வரவில்லை. வள்ளங்களோடு வாழும் கேரளத்தாருக்கு இச்செய்தி இனிக்கும். 2009இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு இன்னும் உறுதியானது. ஏற்கெனவே வீக்கம் இருந்த 141 பெண்களில் ஒரு பகுதியினர் வாரம் இருமுறை, மிகக் குறைந்த எடையில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்டி, கைக்கு இறுக்கமான உறை அணிந்து பயின்றனர். ஓராண்டில் அவர்களுள் 14 சதவீதத்தினருக்கே வீக்கம் கடுமையானது. பயிலாதவர்களில் 29 சதவீதத்தினருக்கு.

பயிற்சியாளர் மேற்பார்வையும் மெதுவான ஏற்றமும் இருந்ததால் கிடைத்த பலன் இது. முதல் நாளே அரிசி மூட்டையைத் தூக்கலாம் என்பதற்குச் சான்றன்று. குழந்தையை முதல் சில வாரங்கள் அமர்ந்த நிலையில் மடிக்கு ஏறிவரச் செய்வதே நல்லது. வளையலோ மோதிரமோ திடீரென இறுகினால், கை கனத்தால், மருத்துவரிடம் காட்ட வேண்டும். கை சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் அது கிருமித்தொற்று. காலை வரை காத்திராமல் அன்றிரவே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.