கன்றோடு கைமாறும் கல்வி

கிழக்கு ஆப்பிரிக்காவின் மலைநாடான ருவாண்டாவில் 'கிரிங்கா' என்பது ஒரு வாழ்த்துச் சொல். 'உனக்குப் பசு உண்டாகட்டும்' என்பது அதன் பொருள். மாடு என்ற சொல்லுக்குச் செல்வம் என்ற பொருளும் உள்ள தமிழில் இந்த வாழ்த்தின் கனத்தை விளக்க வேண்டியதில்லை. ஏழைக் குடும்பத்துக்கு ஒரு பசு என்னும் திட்டத்தை 2006-ஆம் ஆண்டு தொடங்கிய அந்நாட்டு அரசு, இவ்வாழ்த்தையே அதற்குப் பெயராகச் சூட்டியது.

1994-ஆம் ஆண்டு அங்கே நடந்த இனப்படுகொலையில் ஏறத்தாழ நூறு நாட்களுக்குள் சுமார் எட்டு லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். மக்களோடு கால்நடைகளும் பெருமளவில் அழிந்தன. சுமார் 26,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் 1.3 கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் அந்நாட்டில், அவற்றை மீண்டும் பெருக்க மேய்ச்சல் நிலம் அரிது என்பதால், மாட்டைக் கட்டிவைத்துத் தீவனத்தை அறுத்துவந்து போடும் கொட்டில் முறையே சிறு உழவர்களுக்குப் பொருந்துகிறது. ஆகவே பசுவைப் பெறவிருக்கும் குடும்பம் முன்னதாகவே கொட்டில் அமைத்து, தீவனப்புல் நட்டுக் காட்ட வேண்டும். யாருக்குத் தருவது என்பதில் ஊராரின் சொல்லுக்கும் இடமுண்டு.

இத்திட்டத்தின் உயிர்நாடி அடுத்த விதியில் இருக்கிறது. பசு ஈனும் முதல் கிடாரிக் கன்றை, அதாவது முதல் பெண் கன்றை, வளர்த்து, பசு இல்லாத இன்னொரு குடும்பத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். பசுவைப் பரிசளித்து உறவு பேணும் பழைய வழக்கத்திலிருந்து எடுத்தாளப்பட்ட இவ்விதி, உதவி பெற்றவரையே உதவுபவராக்குகிறது. கன்றைக் கொடுப்பவர் அதை வளர்த்த அனுபவமும் உடையவர் என்பதால், பெறுபவருக்கு ஆசிரியர் பக்கத்து வீட்டிலேயே கிடைத்துவிடுகிறார். ஈன்ற சில மணி நேரத்துக்குள் கன்றுக்குச் சீம்பால் ஊட்டாவிட்டால் நோய் எதிர்ப்பாற்றல் குன்றும் என்பதையும், பருவத்துக்கு வந்த மாட்டின் கத்தலையும் அமைதியின்மையையும் கவனித்து உரிய நேரத்தில் கருவூட்டலுக்கு ஏற்பாடு செய்ய வேண்டும் என்பதையும், மடி வீங்கிப் பால் திரிவது மடிநோயின் அறிகுறி என்பதையும் கையேட்டில் படிப்பதைவிடக் கொட்டிலில் நின்று கற்பதே நிலைக்கும். இன்றைய வேளாண் கல்வித் திட்டங்கள் பலவும் கோட்டைவிடும் இடம் இதுதான்.

பால் குழந்தைகளின் உணவாகிறது, மிஞ்சியது விற்பனைக்குச் செல்கிறது. ஆனால் சரிவு நிலத்தில் மழை அரித்துப்போன மண்ணுக்குச் சாணமும் கோமியமும் கலந்த தொழு உரம் தரும் வளத்தையும் சேர்த்துப் பார்த்தால்தான் பசுவின் முழுப் பயன் புலப்படும். ஒரு கறவை மாடு அவரைக்கும் உருளைக்கிழங்குக்கும் சேர்த்தே உணவளிக்கிறது.

2018-ஆம் ஆண்டு இந்தியப் பிரதமர் இத்திட்டத்துக்கு 200 பசுக்களை அன்பளிப்பாக வழங்கினார். அவை ருவாண்டாவிலேயே வாங்கப்பட்டவை. ஆனால் இத்திட்டத்தில் தகுதியற்றவர்களுக்குப் பசு போய்ச்சேர்ந்த முறைகேடுகளும் நடந்துள்ளன; அவற்றை மறைப்பது திட்டத்துக்கு நன்மை செய்வதாகாது. அதைவிடக் கடினமான சிக்கல் மழையற்ற காலத்துத் தீவனத் தட்டுப்பாடு. கலப்பினப் பசு பால் மிகுதியாகத் தருவது போலவே தீனியும் மிகுதியாகக் கேட்கும்; கையளவு நிலமுடைய குடும்பத்துக்கு அதுவே சுமையாகிவிடலாம். மழைக்காலத்துப் பசுந்தீவனத்தைக் காற்றுப்புகாமல் குழியில் அடைத்துப் புளிக்கவைத்துச் சேமிக்கும் ஊறுகாய்ப்புல் முறை இதற்குக் கைகொடுக்கும். நேப்பியர் போன்ற தீவனப்புல்லோ தண்டுக் கரணையிலிருந்தே முளைப்பது. கன்றைக் கொடுப்பவர் தம் வரப்பிலிருந்து ஒரு கட்டுக் கரணையையும் சேர்த்துக் கொடுத்தால் புல் நடவுக்குத் தனிச் செலவு எதுவுமில்லை.