கிலுகிலுக்கும் தோட்டா

‘டுமீல்!’

வில்லன் சுட்டான். கதாநாயகன் மார்பைப் பிடித்துக்கொண்டு சரிந்தான். கொட்டகையில் நாம் ‘உச்’சுக் கொட்டினோம். காட்சி முடிந்ததும் அவன் எழுந்து, சட்டையிலுள்ள சிவப்புச் சாயத்தைத் துடைத்துவிட்டுக் காப்பி சாப்பிடப் போவான் என்பது நமக்குத் தெரியும்.

எழுந்திருக்காமலே போனால்?

1993 மார்ச் 31. அமெரிக்காவில் வில்மிங்டன் நகரத்து ஸ்டுடியோ. ‘தி க்ரோ’ என்ற படம். நாயகன் பிராண்டன் லீ, ‘குங்ஃபூ’ புகழ் புரூஸ் லீயின் மகன். வயது 28. கதைப்படி அவர் சுடப்பட வேண்டும். சுடப்பட்டார், விழுந்தார். ‘கட்’ சொன்ன பிறகும் எழுந்திருக்கவில்லை. அன்றே ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது.

இது எப்படி நேர்ந்தது என்று புரிய வேண்டுமானால், கொஞ்சம் தோட்டா சாஸ்திரம் படிக்க வேண்டும்.

நிஜத் தோட்டா என்பது ஒரு பித்தளைக் குப்பி. அடியில் தீபாவளிப் பொட்டு வெடி போல ஒரு கேப்; உள்ளே மருந்து; வாயில் குண்டு. ஸினிமாக்காரர்கள் இதற்கு இரண்டு போலிகள் வைத்திருக்கிறார்கள். ஒன்று, வெற்றுத் தோட்டா: மருந்து உண்டு, குண்டு கிடையாது. சத்தம், நெருப்பு, புகை எல்லாம் வரும். மற்றது பொம்மைத் தோட்டா: குண்டு உண்டு, மருந்து கிடையாது. ரிவால்வரைக் காமிராவுக்கு நேரே நீட்டும்போது குண்டின் மூக்கு தெரிய வேண்டுமே, அதற்காக!

‘க்ரோ’ படத்துக்குப் பொம்மைத் தோட்டாவை நிஜத் தோட்டாவிலிருந்தே தயாரித்தார்கள். மருந்தைக் கொட்டினார்கள், கேப்பை விட்டுவிட்டார்கள். ஒரு சமயம் விசை இழுபட, கேப் வெடித்தது. அந்தச் சின்ன உதைக்குக் குண்டு குழலில் பாதி வழி போய்ச் சிக்கிக்கொண்டது. யாரும் குழலுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. பிறகு அதே துப்பாக்கியில் வெற்றுத் தோட்டாவைப் போட்டார்கள். குண்டு முன்பே உள்ளே. மருந்து இப்போது பின்னே. இரண்டு போலிகள் சேர்ந்து ஓர் அசல் ஆகிவிட்டது.

சரி, வெற்றுத் தோட்டா மட்டும் சாதுவா? 1984-ல் ஜான் எரிக் ஹெக்ஸம் என்ற டெலிவிஷன் நடிகர் படப்பிடிப்பில் காத்திருந்து அலுத்து, விளையாட்டாக ரிவால்வரைப் பொட்டில் வைத்து அழுத்தினார். குண்டில்லைதான். ஆனால் மருந்தின் வேகமும், அதன்மேல் இருந்த அடைப்பும் மண்டை ஓட்டை உடைத்துவிட்டன. ஆறாம் நாள் இறந்தார். வயது 26.

அந்தக் காலத்து ஹாலிவுட்டில் இந்தப் போலி வித்தைகூட இல்லாத காட்சிகள் உண்டு. 1931-ல் வந்த ‘தி பப்ளிக் எனிமி’யில் ஜேம்ஸ் காக்னி ஒதுங்கும் சுவர் மூலையில் தெறிப்பவை நிஜக் குண்டுகள்! குறி தவறாத ஆளை வைத்துச் சுட்டார்கள். காக்னியின் நல்ல காலம், அன்றும் குறி தவறவில்லை.

பொம்மைத் தோட்டாவைக் கண்டுபிடிக்க ஒரு சுலப வழி இருக்கிறது. உள்ளே மருந்துக்குப் பதில் சிறு ரவையைப் போட்டிருப்பார்கள். காதருகே ஆட்டினால் கிலுகிலுக்கும். குழந்தைக்குக்கூடத் தெரியும் பரீட்சை!

2021 அக்டோபர் 21 அன்று நியூ மெக்ஸிகோவில், ‘ரஸ்ட்’ படப்பிடிப்பில் அந்தப் பரீட்சை ஒழுங்காக நடக்கவில்லை. நிஜத் தோட்டா இல்லை என்று சொல்லி நடிகர் அலெக் பால்ட்வினிடம் துப்பாக்கியைத் தந்தார்கள். ஒத்திகையில் அது வெடித்தது. காமிராப் பெண்மணி ஹலைனா ஹட்சின்ஸ், 42 வயது, இறந்தார். அதே குண்டு டைரக்டரின் தோளிலும் பாய்ந்தது. படப்பிடிப்பு இடத்தில் இருக்கவே கூடாத நிஜத் தோட்டாக்கள் இன்னும் சில அங்கே அகப்பட்டன. 2024-ல் துப்பாக்கிப் பொறுப்பாளருக்குப் பதினெட்டு மாதச் சிறை. சாட்சியத்தை அரசுத் தரப்பு மறைத்தது என்று பால்ட்வின் மீதான வழக்கைக் கோர்ட்டு தள்ளிவிட்டது. விசையை நான் இழுக்கவே இல்லை என்பது அவர் கட்சி.

படம் நிற்கவில்லை. 2023-ல் மான்டனாவில் மீதியை எடுத்தார்கள்; ஹலைனாவின் கணவரும் தயாரிப்பாளர்களில் ஒருவரானார். இந்தத் தடவை சுடக்கூடிய துப்பாக்கி ஒன்றுகூட வரக்கூடாது, எந்த வகைத் தோட்டாவும் வரக்கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. 2025-ல் படம் திரைக்கு வந்தது.