பெட்டியின் மேல் ஒரு பெயர்

கற்கும் முன்

ஊர் மாறும்போது நம்முடன் வருவது பயணப்பெட்டி. அதற்கு வீட்டிலேயே வண்ணம் பூசும் முறையையும், அதில் நம் பெயரை எழுதும் முறையையும் இப்பாடம் விளக்குகிறது.

சென்னையிலிருந்து மும்பைக்குச் செல்லும் தொடர்வண்டிகள் பல, ஹடப்சரைக் கடந்தே புனே நிலையத்தை அடைகின்றன. விடுமுறை முடிந்து திரும்பும் நம் குடும்பத்தினர், ஒரே நிறமுடைய பெட்டிகளுக்கிடையே தம் பெட்டியைத் தேடுவதைக் கண்டிருப்பீர்கள். அடையாளத்திற்காகச் சிலர் கைப்பிடியில் சிவப்புத் துணியைக் கட்டியிருப்பர்.

முற்காலப் பயணிகள் இதற்கு வேறு வழி கண்டனர். ‘ரஜூலா’ என்னும் கப்பல் 1926 முதல் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் சென்னை, நாகப்பட்டினம் ஆகிய துறைமுகங்களிலிருந்து பினாங்கு, சிங்கப்பூர் ஆகிய இடங்களுக்குத் தமிழர்களை ஏற்றிச் சென்றது. அக்காலத்தில் கடல் கடந்தோர் தகரப் பெட்டியின் மேல் தம் பெயரையும் ஊரையும் வண்ணத்தால் எழுதினர். படைவீரர்களிடமும் இவ்வழக்கம் உண்டு. 1895இல் உருவான இராணுவத் தென்மண்டலத்தின் தலைமையகம் நம் புனேயில் உள்ளது. வீரர்களின் கறுப்பு டிரங்குப் பெட்டிகளில் எண், பதவி, பெயர் ஆகியவை வெள்ளை எழுத்தில் பளிச்செனத் தெரியும். உங்களுள் சிலர் வீட்டிலேயே அத்தகைய பெட்டி இருக்கலாம்.

வண்ணம் எதற்கு?

டிரங்குப் பெட்டி இரும்புத் தகட்டால் ஆனது. இரும்பு, காற்றிலுள்ள உயிர்வளியோடும் ஈரத்தோடும் சேர்ந்தால் துருப்பிடிக்கும். இதனைத் தடுக்கத் தகட்டின்மேல் துத்தநாகம் பூசுவர். கீறல் விழுந்த இடங்களிலும் விளிம்புகளிலும் நாளடைவில் துரு தோன்றும். வண்ணப்பூச்சு, ஈரம் இரும்பைத் தொடாதவாறு காக்கும் போர்வையாகும். ஆகவே அழகு, காப்பு ஆகிய இரண்டிற்கும் வண்ணம் உதவுகிறது.

பூசும் முறை

புனேயில் சூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். அப்போது பூச்சு உலரத் தாமதமாகும். எனவே கோடை விடுமுறையே ஏற்ற காலம். காற்றோட்டமுள்ள மொட்டைமாடியிலோ முற்றத்திலோ, பெரியவர்களின் துணையுடன் இதனைச் செய்ய வேண்டும். அருகில் நெருப்பு இருத்தல் கூடாது.

முதலில், பெட்டியைச் சவர்க்கார நீரால் கழுவி எண்ணெய்ப் பிசுக்கை நீக்குக. நன்கு உலர்ந்தபின், துருப்பிடித்த இடங்களைப் பெரியவர் ஒருவர் உப்புத்தாளை நீரில் நனைத்துத் தேய்க்கட்டும். உலர்ந்த தாளால் தேய்த்தால் தூசி பறக்கும். பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருக்கக்கூடும். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு செய்வது. வீட்டு வண்ணப்பூச்சுகளில் பத்து இலட்சம் பங்கில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருத்தல் கூடாது என்னும் விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகையால் உறுதியாக ஒட்டியிருக்கும் பழைய வண்ணத்தைச் சுரண்டாமல் விட்டுவிடுவதே நன்று.

அடுத்து, முதற்பூச்சு. கடைகளில் இதனைப் ‘பிரைமர்’ என்பர். துத்தநாகத் தகட்டில் சாதாரண வண்ணம் நிலைத்து ஒட்டாது. அதற்கென உள்ள முதற்பூச்சைக் கேட்டு வாங்குக. அது உலர்ந்தபின் எனாமல் வண்ணத்தை மெல்லியதாக இருமுறை பூசுக. தடிமனாக ஒரே முறை பூசினால் வண்ணம் வழிந்து கோடு விழும். ஒவ்வொரு பூச்சுக்கும் இடையில் ஓர் இரவேனும் உலர விடுக.

கோலமும் வார்லியும்

இனி, மூடியை அழகு செய்யலாம். சுண்ணக்கட்டியால் 3, 4, 5, 4, 3 என ஐந்து வரிசைகளில் ஊடுபுள்ளி வைத்தால் மொத்தம் 19 புள்ளிகள் வரும். அவற்றைச் சுற்றி வெள்ளை வண்ணத்தால் கோடிழுத்தால் கோலம் அமையும். பெட்டியின் பக்கங்களில் வார்லி ஓவியம் தீட்டலாம். இது மகாராட்டிரத்தின் வடபகுதியில் வாழும் வார்லிப் பழங்குடியினரின் கலை. முனையோடு முனை சேர்ந்த இரு முக்கோணங்கள் மனித உடல், ஒரு வட்டம் தலை, கோடுகளே கைகால்கள். இக்கலையை உலகறியச் செய்த ஜீவ்யா சோமா மாஷே 2011இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். நம் வாசற்கோலமும் அவர்களுடைய சுவரோவியமும் அரிசி மாவிலிருந்தே பிறந்தவை என்பது எண்ணி மகிழத்தக்கது.

எந்த எழுத்தில் எழுதுவது?

பெட்டியின் வெளிப்புறம் பிறர் படிப்பதற்கு. சுமை தூக்குபவரும் நிலைய அலுவலரும் படிக்கத்தக்க எழுத்தில் பெயரும் சேருமிடமும் அங்கே இருக்க வேண்டும். ஆனால் அவ்வெழுத்தில் நம் பெயர் முழுமையாக அமையும் என்று சொல்ல முடியாது. மராத்தியில் ளகரம் உண்டு; ழகரம் இல்லை. ஆதலால் யாழினி அங்கே ‘யாளினி’ ஆகிறாள். ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துகளைச் சேர்த்து ழகரத்தைக் குறிப்பர். அதனை அறியாதவர் வேறொலியாகப் படிப்பர். இதில் எவர் மீதும் குறையில்லை. ஒவ்வொரு மொழியும் தன்னிடமுள்ள ஒலிகளுக்கே எழுத்து வைத்துள்ளது.

மூடியின் உட்புறம் உங்களுக்கே உரியது. அங்கே உங்கள் பெயரைத் தமிழில் எழுதுங்கள். பெட்டியைத் திறக்கும்போதெல்லாம், வீட்டில் உங்களை அழைக்கும் பெயர் பிழையின்றி உங்களைப் பார்க்கும்.

பெயருக்குக் கீழே ஊரை எழுத வேண்டும். தாத்தாவின் ஊரா, பிறந்த ஊரா, ஹடப்சரா என்று தயங்க வேண்டா. வாழ்ந்த ஊர்களை எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதலாம். புதிய ஊருக்கு மாறும்போது பழைய பெயரை அழிக்க வேண்டியதில்லை. ஹடப்சர் என்று எழுதிய பிறகு, அதன்கீழ் ஒரு வரிக்கு இடம் விட்டு வையுங்கள்.

சொல்லும் பொருளும்

உயிர்வளி – ஆக்சிஜன்
பிசுக்கு – ஒட்டும் அழுக்கு
ஊடுபுள்ளி – இரு புள்ளிகளுக்கு இடையே அமையுமாறு அடுத்த வரிசையில் வைக்கும் புள்ளி

பயிற்சி

1. பழைய வண்ணத்தை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. ஏன்?
2. ழகரம் வரும் ஐந்து பெயர்களை எழுதி, உரக்கப் படிக்க.
3. உங்கள் குடும்பத்தினர் வாழ்ந்த ஊர்களின் பெயர்களைப் பெரியவர்களிடம் கேட்டு, வரிசைப்படுத்தி எழுதுக.