நான்கு வரப்பும் சமம், வயல் மட்டும் சதுரமில்லை

அனுமந்தன்பட்டி வயல்வெளியில் வரப்புகள் திசை பார்த்துப் போட்டவை அல்ல, தண்ணீர் வாட்டம் பார்த்துப் போட்டவை. 1895 முதல் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் பள்ளத்தாக்கு இது. இங்கே ஒருவர் தன் வயல் சதுரம் என்றால் எப்படிச் சரிபார்ப்பது?

டேப் பிடித்து நான்கு வரப்பையும் அளக்கிறோம். நான்கும் 41.23 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதோடு டேப்பைச் சுருட்டிவிடக் கூடாது. நான்கு மூங்கில் கழிகளை முனைகளில் கயிறு போட்டுக் கட்டி, ஒரு மூலையை அமுக்கிப் பாருங்கள். கழி எதுவும் குறையாது, உள்ளே இருக்கும் இடம் குறையும்.

ஒரு மூலைக்கல்லை (0, 0) என்று வையுங்கள். மற்ற கற்கள் அதிலிருந்து கிழக்கே எத்தனை மீட்டர், வடக்கே எத்தனை மீட்டர் என்று குறியுங்கள். (40, 10), (30, 50), (−10, 40) என வந்தால், இரு மூலைவிட்டங்களின் நடுப்புள்ளியும் (15, 25). ஆக, இணைகரம். மூலைவிட்டங்களின் வர்க்கம் இரண்டுக்கும் 3400. ஆக, செவ்வகம். சாய்வுகள் 5/3, −3/5. பெருக்கினால் −1, அதாவது செங்குத்தாக வெட்டுகின்றன. இனிச் சந்தேகமில்லை: கண்ணுக்குக் கோணலாகத் தெரிந்தாலும் அசல் சதுரம். பரப்பு 1700 சதுர மீட்டர், 42 சென்ட்.

கற்கள் (40, 10), (50, 50), (10, 40) என்று இருந்தால்? பக்கங்கள் அதே 41.23தான். ஆனால் மூலைவிட்டங்களின் வர்க்கம் 5000, 1800. இது சாய்சதுரம். பரப்பு 1500. ஏறத்தாழ ஐந்து சென்ட் காணோம்! எதிரெதிர்ப் பக்கங்களின் சராசரிகளைப் பெருக்கும் பழைய வழியில் இதற்கும் 1700 என்றே வரும். பிரம்மகுப்தர் 628-லேயே அதைத் தோராயக் கணக்கு என்று தனியே பிரித்து வைத்தார்.

சர்வேயரின் புலப்படத்தில் வயலுக்குள் குறுக்குக் கோடு ஓடுவதும் இதனால்தான். மூலைவிட்டம் விழுந்துவிட்டால் வயல் இரண்டு முக்கோணம். முக்கோணத்தை அமுக்கிச் சாய்க்க முடியாது.

கைபேசி காட்டும் அகலாங்கு, நெட்டாங்கை வைத்தே கணக்குப் போடலாமே என்பார்கள். போடலாம், முதலில் மீட்டராக மாற்ற வேண்டும். இந்தப் பக்கம் அகலாங்கில் ஒரு பாகை சுமார் 110.6 கிலோமீட்டர், நெட்டாங்கில் 109.7. இரண்டும் அருகருகே இருப்பது நம் அதிர்ஷ்டம். லண்டனில் நெட்டாங்குப் பாகை 70-க்குள் சுருங்கிவிடும். ஆனால் கைபேசி சில மீட்டர் தள்ளியே காட்டும். ஒரு வரப்பில் ஐந்து மீட்டர் தவறினாலே இந்த வயலில் ஐந்து சென்ட்.