ஐந்து மில்லிமீட்டரின் விலை

மாமல்லபுரம் கடற்கரையில் அலை ஏறி இறங்கும் இடத்தில், வெளிர்மணலுக்கு நடுவே கருங்கோடுகள் ஓடுவதைப் பார்க்கலாம். அங்கே ஒரு காந்தத்தை இழுத்தால் கரும்பொடி முள்முள்ளாய் ஒட்டிக்கொண்டு வரும். அதில் முக்கியமானது மேக்னடைட் என்ற இரும்புத் தாது. பாறைகள் சிதைந்து கடலுக்கு வந்த துகள்களில் கனமானவற்றை அலை சலித்துக் கரையில் ஒதுக்கியதால் உண்டான கோடுகள் இவை.

பல டேப்லெட் கவர்களின் மூடியிலும் காந்தம் உண்டு. மூடினால் திரை அணைவதும், திறந்தால் விழித்துக்கொள்வதும் அதன் வேலைதான். டேப்லெட்டுக்குள் இருக்கும் ஓர் உணரி அந்தக் காந்தப்புலத்தைக் கண்டறிகிறது. கடற்கரையில் கவரைத் திறந்து வைத்தால், அதே காந்தம் கருமணலையும் கூப்பிட்டுக்கொள்ளும். கரும்பொடியோடு ஒட்டி வரும் மற்ற மணிகள்தான் ஆபத்து. கனிமங்களின் கடினத்தை அளக்கும் மோஸ் அளவுகோலில் சாதாரணக் கண்ணாடிக்கு ஐந்தரை. மணலில் மிகுதியாக உள்ள குவார்ட்ஸுக்கு ஏழு. கார்னெட் என்ற கனிமத்துக்கும் ஏறத்தாழ அதே அளவு. மூடியை மூடிப் பையில் போட்டால், நடக்க நடக்கத் திரையின் மேல் உப்புத்தாள் தேய்க்கிற வேலை நடக்கும்.

கீறல் வெறும் அழகுக் குறை அல்ல. அணுக்களின் பிணைப்பை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், சாதாரணக் கண்ணாடி இப்போது இருப்பதைவிட ஏறத்தாழ நூறு மடங்கு வலுவாக இருக்க வேண்டும். ஏன் இல்லை என்பதற்கு 1921-இல் பிரிட்டிஷ் பொறியாளர் ஏ.ஏ. கிரிஃபித் விடை சொன்னார். கண்ணுக்குத் தெரியாத கீறல்களின் நுனியில் விசை முழுவதும் குவிகிறது. கண்ணாடி அங்கிருந்துதான் பிளக்கத் தொடங்குகிறது. திரைக் கண்ணாடியை உருகிய பொட்டாசியம் உப்பில் முக்கி எடுப்பது இதற்காகத்தான். சிறிய சோடியம் அயனிகள் வெளியேற, அந்த இடத்தில் பெரிய பொட்டாசியம் அயனிகள் நெருக்கியடித்து உட்காரும். அந்த நெருக்கம் கீறல்களை வாய் திறக்கவிடாமல் அழுத்திப் பிடிக்கும். ஆனால் இந்தக் காப்பு அடுக்கு, ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு ஆழத்துக்குள்தான். அதைத் தாண்டி இறங்கிய கீறலுக்குத் தடையில்லை. காற்றின் ஈரமும் கீறலின் நுனியில் உள்ள பிணைப்புகளை மெல்ல அறுக்கும். கடலோரத்தில் ஈரத்துக்கு என்ன பஞ்சம்? பல நாள் சேர்ந்த கீறலைத்தான் ஒரு நாள் விழுந்த அடி பிளந்து காட்டுகிறது.

அந்த அடியையும் கணக்கிடலாம். அரைக் கிலோ எடையுள்ள டேப்லெட் ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்கு சுமார் 16 கிலோமீட்டர். கட்டாந்தரையில் அது ஒரு மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால், சராசரியாக அதன் எடையைப்போல் ஆயிரம் மடங்கு விசை அதன் மேல் இறங்கும்: அரை டன். நிற்பதற்கு ஐந்து மில்லிமீட்டர் கிடைத்தால் அது நூறு கிலோவாகக் குறையும். லாரியிலிருந்து வீசும் செங்கல்லைப் பிடிக்கிறவர் கையைச் சற்றுப் பின்னிழுத்து வாங்குவாரே, அதே சூத்திரம்தான். கவர் என்ற பெயரில் நாம் காசு கொடுத்து வாங்குவது இந்தச் சில மில்லிமீட்டர் தூரத்தை.

ஆகவே ‘தடிமனான கவர் நல்ல கவர்’ என்பது பாதி உண்மை. அமுங்காத கெட்டிப் பிளாஸ்டிக் எவ்வளவு தடித்தாலும் அடியை அப்படியே உள்ளே கடத்தும். கொழகொழவென்ற சிலிக்கோன் சட்டென முழுதும் அமுங்கிவிடும். அதற்கு மேல் நகர இடமில்லை. நல்ல கவரில் வெளியே பாலிகார்பனேட் ஓடு விசையைப் பரப்பும். உள்ளே டிபியூ என்ற ரப்பர் போன்ற பிளாஸ்டிக் அமுங்கி மீளும். பெரும்பாலும் மூலையில்தான் டேப்லெட் விழும்; அடி முழுவதும் அந்தச் சிறு இடத்தில் குவியும். மூலைகளில் காற்று இடைவெளி விட்டுச் செய்த கவர் நாலு காசு கூடினாலும் வாங்கலாம்.

அட்டைப்பெட்டியில் ‘மிலிட்டரி கிரேடு’ என்று அச்சிட்டிருப்பார்கள். அது அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் மில்-எஸ்டிடி-810 என்ற சோதனை முறையைச் சுட்டுவது. எட்டு மூலை, பன்னிரண்டு விளிம்பு, ஆறு முகம் என ஒரு பெட்டி விழக்கூடிய 26 விதங்களிலும் 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டுப் பார்க்கும் சோதனை அதில் உண்டு. அந்த 26 வீழ்ச்சிகளை ஐந்து மாதிரிகளுக்குள் பங்கிட்டுக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. விழும் தளம் பெரும்பாலும் கான்கிரீட்டின் மேல் போட்ட இரண்டு அங்குல ஒட்டுப்பலகை. நம் வீட்டுக் கிரானைட் தரை அல்ல. எந்த ராணுவமும் கடையில் விற்கும் கவருக்குச் சான்றிதழ் கொடுப்பதில்லை. பொதுவாக நிறுவனமே சோதித்துத் தானே சொல்லிக்கொள்கிறது. எந்த உயரம், எத்தனை முறை என்று எழுதியிருந்தால் ஓரளவு நம்பலாம். வெறும் முத்திரை மட்டும் இருந்தால் அது விளம்பரம்.

சோதனைக்கூடங்கள் பெரும்பாலும் கணக்கில் எடுக்காத ஒன்று நம் காற்று. கடற்கரைக் கோயிலின் சிற்பங்களையே உப்புக்காற்று அரிப்பதால், தொல்லியல் துறை சவுக்கு வளர்த்துத் தடுப்பு அமைத்தது. காகிதக் கூழைப் பூசிக் கல்லிலிருந்து உப்பை உறிஞ்சி எடுக்கிறது. கல்லுக்கே இந்தப் பாடு என்றால் செயற்கைத் தோலுக்குக் கேட்க வேண்டுமா? பளபளக்கும் ஃபிளிப் கவர்கள் பலவற்றின் மேல்பூச்சு பாலியூரிதேன். சூடும் ஈரமும் சேர்ந்தால் அதன் வேதிப்பிணைப்புகள் அறுந்து பூச்சு செதில் செதிலாய் உரியும். பயன்படுத்தாமல் பீரோவில் வைத்திருந்தாலும் உரியும். ஒளி ஊடுருவும் டிபியூ வெயிலில் மஞ்சளாகும். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு நெய்த துணி மேற்பரப்போ மங்கலான டிபியூவோ நீடித்து உழைக்கும்.

கடையில் நின்றபடியே சில சோதனைகள் செய்யலாம். கவரைப் போட்டு, மேசைக் கண்ணாடியின் மேல் திரையைக் கவிழ்த்து வையுங்கள். ஏடிஎம் கார்டின் தடிமன் 0.76 மில்லிமீட்டர், அது திரைக்கும் மேசைக்கும் நடுவே தாராளமாக நுழைய வேண்டும். நுழையாவிட்டால், விழும்போது விளிம்புக்கு முன் கண்ணாடி தரையைத் தொடும். பின்பக்கக் கேமராவுக்கும் இதே சோதனை. மூலையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். அமுங்கி உடனே மீள வேண்டும். டேப்லெட்டின் உடலுக்கும் கவருக்கும் நடுவே சந்து தெரிந்தால் மணல் அங்கே குடியேறும். சரியாகப் பொருந்தும் கவரையும் வாரம் ஒருமுறை கழற்றித் துடைப்பது நல்லது. நாற்பது டிகிரி தொடும் செங்கல்பட்டு மே மாதத்தில் கனத்த கவர் பேட்டரியின் சூட்டையும் பூட்டி வைக்கும் என்பதால், சார்ஜ் போடும்போது கழற்றிவிடலாம்.

எவ்வளவு கொடுக்கலாம்? திரை மாற்ற 8,000 ரூபாய் ஆகும் என்று வைத்துக்கொள்வோம். கவர் இல்லாமல் இரண்டு ஆண்டுகளில் உடையும் வாய்ப்பு நான்கில் ஒன்று, கவரோடு இருபதில் ஒன்று என்றால், அந்தக் கவர் நமக்கு மிச்சப்படுத்துவது 1,600 ரூபாய். அதற்குள் கிடைக்கும் கவர் லாபம். அதைத் தாண்டிய விலை அழகுக்கும் பெயருக்கும். இந்த வாய்ப்பு ஆளுக்கு ஆள் மாறும். செங்கல்பட்டில் மேசையை விட்டு நகராத டேப்லெட்டுக்குச் சில நூறு ரூபாய்க் கவர் போதும். கல் தூள் பறக்கும் மாமல்லபுரம் சிற்பக்கூடத்தில் வரைபடம் காட்டும் டேப்லெட்டுக்குத் திரையையும் துளைகளையும் அடைக்கும் கவர் வேண்டும். கொக்கிலமேட்டில் படகேறும் டேப்லெட்டுக்கு ஐபி68 போலத் தூசுக்கும் நீருக்கும் தரம் குறித்த உறை தேவை. அங்கே இரண்டாயிரம் ரூபாய்கூடச் சிக்கனம்தான். பலமான அடி வாங்கிய கவரின் மூலை பிளந்தோ தளர்ந்தோ போனால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். அது தர வேண்டிய ஐந்து மில்லிமீட்டரை ஏற்கெனவே தந்து முடித்துவிட்டது.