பிடித்த பூனையை எங்கே விடுவது?

சாக்கில் கட்டினால் தீராது

தெருவில் பூனைகள் பெருகிவிட்டால் சாக்கில் கட்டி ஊர் தாண்டி விட்டுவருவது நம்மிடையே உள்ள வழக்கம். கேட்டால், நோய் வந்துவிடும் என்பார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது: பூனைக்கடியாலும் ரேபிஸ் வரும், பூனை மலத்தோடு வெளியேறும் டாக்சோபிளாஸ்மா ஒட்டுண்ணி கர்ப்பிணிக்குத் தொற்றினால் கருவிலுள்ள குழந்தையையும் தாக்கலாம். ஆனால் பூனையை அகற்றுவதால் இந்த ஆபத்து அகலாது. மீன்கழிவும் எலியும் இருக்கிற இடத்துக்கு அடுத்த தெருப் பூனை வந்துசேரும், அதுவும் தடுப்பூசி போடாத பூனையாக. டாஸ்மேனியாவின் தென்பகுதிக் காடுகளில் இரண்டு இடங்களில் பூனைகளைப் பிடித்துக் கொன்று பார்த்த ஆய்வு 2015இல் வெளியானது. கொன்றுகொண்டிருந்த காலத்திலேயே எண்ணிக்கை ஓரிடத்தில் சராசரியாக 75 சதவீதமும் இன்னோரிடத்தில் 211 சதவீதமும் கூடியிருந்தது.

குட்டிகளிடம்தான் நோய் அதிகம்

டாக்சோபிளாஸ்மாவை ஒரு பூனை பெரும்பாலும் முதல்முறை தொற்றும்போது மட்டுமே, ஒன்றிலிருந்து மூன்று வாரம்வரை வெளியேற்றுகிறது. வேட்டையாடத் தொடங்கும் இளம்பூனைகளுக்கே அந்த முதல் தொற்று அதிகம். கீறலுக்குப் பின் நெறி கட்டிக் காய்ச்சல் தரும் பார்டோனெல்லா பாக்டீரியாவும் குட்டிகளிடமே மிகுதி. ஆகவே குட்டி பிறக்காத பூனைக்கூட்டம் மனிதருக்கும் ஆபத்து குறைந்த கூட்டம். நான்கைந்து மாத வயதிலேயே சினையாகி, ஒன்பது வாரத்தில் குட்டி போடும் விலங்கை ஒவ்வொன்றாக அப்புறப்படுத்தி மாளாது, கருத்தடைதான் வழி. அமெரிக்காவின் மத்திய புளோரிடாவில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் 1991இல் இதைத் தொடங்கினார்கள். 1995க்குப் பின் அங்கே குட்டியே தென்படவில்லை. 1996இல் 68 ஆக இருந்த பூனைகள் 2002இல் 23 ஆயின. பல பூனைகள் தத்துப்போனதால்தானே குறைந்தது என்று கேட்கலாம். உண்மைதான், கணக்கில் வந்த 155இல் 47 சதவீதம் வீடுகளுக்குப் போயின. தத்து இடத்தைக் காலி செய்தது. கருத்தடை அது மறுபடி நிரம்பாமல் பார்த்துக்கொண்டது. கருத்தடை செய்த பூனையும் பறவை பிடிக்குமே என்பது இன்னும் வலுவான கேள்வி. கடற்பறவைகள் தரையில் முட்டையிடும் தீவுகளில் பூனையைத் திருப்பி விடுவதை நானும் ஏற்கமாட்டேன். எலியை நம்பிப் பிழைக்கும் கடைத்தெருப் பூனைக்கு அதே அளவுகோல் பொருந்தாது.

பிடிப்பதும் விடுவதும்

முந்தின நாள் உணவு வைக்காமல் இருந்தால், பசித்த பூனை மீன் வைத்த கூண்டுக்குள் தானே வரும். கதவு விழுந்ததும் துணியால் மூடினால் அடங்கிவிடும். கையால் பிடிக்கவே கூடாது. கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் நீருமாக 15 நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பால் கொடுக்கும் பூனையென்றால் குட்டிகள் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்த பிறகே கூண்டு வைக்கலாம். எட்டு வாரத்துக்கு உட்பட்ட குட்டிகள் மனிதரோடு எளிதில் பழகும். அவற்றுக்கு வீடு தேடலாம். ஆளைக் கண்டாலே ஓடும் வளர்ந்த பூனையை வீட்டில் அடைப்பது அதற்குத் துன்பம். கருத்தடையும் ரேபிஸ் தடுப்பூசியும் முடித்து, மயக்கத்தில் இருக்கும்போதே காது நுனியை அடையாளமாக வெட்டி, பிடித்த இடத்திலேயே விட வேண்டும். கட்டடம் இடிபடுவது போன்ற கட்டாயத்தால் வேறிடம் கொண்டுபோனால், அங்கே இரண்டு மூன்று வாரமாவது அடைத்துவைத்து உணவளிக்க வேண்டும். உடனே திறந்துவிட்டால் பழைய இடத்தைத் தேடிக் கிளம்பி, வழியில் வண்டியில் அடிபடக்கூடும்.